பழைய லாரியின் கதவுச் சத்தம்: பீடிங்கா, பியூட்டைல் ஷீட்டா, ஃபோமா?

பழைய லாரி ஒன்றை மீட்டெடுக்கிறவர்கள் எஞ்சின் வேலை, பிரேக் வேலை, பெயின்ட் எல்லாம் முடித்து முதல்முறை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கதவுக்குள்ளே எதை ஒட்டினால் சத்தம் குறையும்?" கடைக்குப் போனால் பியூட்டைல் ரப்பர் ஷீட் என்கிறார் ஒருவர். தார் ஷீட்டே போதும் என்கிறார் அடுத்தவர். பட்டறையில் ஃபோம் அடைக்கச் சொல்கிறார்கள். ரப்பர் கோட்டிங் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இன்னொருவர். நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எதுவுமே எல்லாச் சத்தத்துக்குமான மருந்து இல்லை. உங்கள் கதவில் இருக்கும் நோய் எது என்று யாரும் கேட்பதில்லை, அங்கேதான் காசு வீணாகிறது.

எங்கள் பெரியப்பாவின் பெட்போர்டு லாரி 1970-களைச் சேர்ந்தது. ஆறு சிலிண்டர் டீசல், இரும்புக் கதவு. பாரம் ஏற்றுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. திருவிழாவுக்கும் குடும்பத்தோடு ஊருக்குப் போய் வருவதற்கும்தான் எடுக்கிறோம். அதன் இரண்டு கதவுகளையும் நான்கு வருடத்தில் இரண்டு முறை பிரித்து வேலை செய்திருக்கிறேன். முதல் முறை தவறாகப் போனது. அது எப்படி என்று தார் ஷீட் பகுதியில் சொல்கிறேன்.

## முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

கதவிலிருந்து வரும் சத்தம் நான்கு வகை.

ஒன்று, தகடு அதிர்வது. வெளித்தகட்டின் நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். தகர டப்பா மாதிரி 'டங்ங்' என்று இழுத்தால் தகடு மணி போல அடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது உள்ளங்கையை அதே இடத்தில் அழுத்தி வையுங்கள். கேபினுக்குள் இருப்பவருக்குச் சத்தம் சட்டென்று அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டு, இடுக்கு வழியாக உள்ளே நுழைவது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை எடுத்து, ஒரு பக்கக் கதவின் சந்து முழுக்க, கண்ணாடியின் ஓரங்கள் உட்பட, வெளியிலிருந்து ஒட்டிவிடுங்கள். அடுத்த கதவு வழியாக ஏறி பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஒட்டிய பக்கம் அமைதியாக இருந்தால் உங்களுக்குத் தேவை ஷீட் இல்லை, பீடிங், அதாவது கதவைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை. இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு ரோல் டேப்.

மூன்று, கடகட சத்தம். கண்ணாடி, பூட்டுக்குப் போகும் கம்பி, கண்ணாடி ஏற்றும் மெஷின், தளர்ந்த கீல். மோசமான ரோட்டில் மட்டும் வரும், தார் ரோட்டில் மறைந்துவிடும்.

நான்கு, எஞ்சினின் அடித்தொனி, அதாவது நெஞ்சில் உணரும் 'ம்ம்ம்'. ஆறு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 முறை வெடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். இது பெரும்பாலும் கதவு வழியாக வருவதே இல்லை. ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகடு), தரை, கிழிந்துபோன கியர் பூட் (கியர் கம்பியைச் சுற்றிய ரப்பர் உறை), பெடல் ஓட்டைகள் வழியாக வருகிறது. தரையில் ஓட்டையை வைத்துக்கொண்டு கதவுக்குச் செலவு செய்ய வேண்டாம். முதலில் கீழே பாருங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து விஷயங்களை வைத்துப் பார்க்கிறேன்.

எந்தச் சத்தத்துக்கு வேலை செய்கிறது என்பது முதல் கேள்வி. அடுத்தது வெயில்: மே மாதத்தில் அடர்நிறக் கதவு ஒன்று மதியம் தொட முடியாத அளவுக்குச் சுடும், உள்ளே ஒட்டியதும் அதே சூட்டில்தான் இருக்கும். மூன்றாவது தண்ணீர். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்தக் கதவாக இருந்தாலும் கண்ணாடி இறங்கும் வாய் வழியாக மழைத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். அது கீழே இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும் என்றுதான் கதவையே வடிவமைத்திருக்கிறார்கள். ஐம்பது வருடக் கதவின் உயிர் அந்த ஓட்டைகளில் இருக்கிறது.

நான்காவது, திரும்பக் கழற்ற முடியுமா. பழைய வண்டிக்கு டிங்கரிங் வேலை என்றைக்காவது திரும்ப வரும். கேஸ் வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பின்னால் தாரோ ஃபோமோ இருந்தால் பற்றிக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. ஐம்பது வருடம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இடம் கொடுத்தார்கள். சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அப்படிப் பதிவு செய்யும் எண்ணம் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷீட் ஒட்டுவது வேறு, ஷீட் ஒட்ட வசதியாக உள்தகட்டை வெட்டுவது வேறு.

ஐந்தாவது எடை. கீல் பின்னும் புஷ்ஷும் தேய்ந்த கதவில் ஐந்து கிலோ கூட்டினால் கதவு தொங்கும். தொங்கினால் இடுக்கு பெரிதாகும். எதற்காகச் செலவு செய்தோமோ அதுவே கெட்டுப்போகும்.

## பீடிங், கண்ணாடி சேனல், கீல்

இதை ஒரு 'வழி' என்று யாரும் விற்பதில்லை. ஆனால் என் அனுபவத்தில் பழைய இரும்புக் கதவுக்குக் கொடுத்த காசுக்கு அதிக அமைதி தருவது இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவின் சுற்றளவு 4 மீட்டர், சுற்றிலும் பீடிங் செத்துப்போய் இரண்டரை மில்லிமீட்டர் சந்து. கூட்டினால் 100 சதுர சென்டிமீட்டர். கதவில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஓர் ஓட்டை போட்டதற்குச் சமம். கதவின் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால் அது ஒரு சதவீத ஓட்டை. ஒரு சதவீதம் திறந்திருக்கும் சுவர், மற்ற 99 சதவீதம் எவ்வளவு கனமாக இருந்தாலும், 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடு தனியாகவே 500 ஹெர்ட்ஸில் சுமார் 25 டெசிபெல் தடுக்கும். அதாவது வெறும் தகட்டின் திறமையையே நாம் இன்னும் முழுசாகப் பயன்படுத்தவில்லை. அதன் மேல் எத்தனை ஷீட் ஒட்டி என்ன?

செய்ய வேண்டிய வரிசை முக்கியம். முதலில் கீல். கதவைப் பாதி திறந்து, பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பின்னும் புஷ்ஷும் மாற்ற வேண்டும். லேத்தில் கடைந்து வாங்கலாம். அப்புறம் பூட்டும் ஸ்ட்ரைக்கரும் (சட்டத்தில் பூட்டு கவ்வும் பகுதி) நேராக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பீடிங். ஆட்டம் உள்ள கதவுக்குப் புது பீடிங் போட்டால் ஒரு மூலையில் நசுங்கும், எதிர் மூலையில் காற்று போகும்.

பீடிங் வாங்கும்போது உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பராகப் பாருங்கள். வெயிலுக்கு நிற்கும், அழுத்தினால் திரும்ப எழும். சைஸ் தெரியாவிட்டால் கதவுச் சட்டத்தில் நாலைந்து இடத்தில் மாவு உருண்டையை பாலித்தீன் தாளில் சுற்றி வைத்துக் கதவை மூடித் திறங்கள். உருண்டை எவ்வளவு கனத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதுதான் அந்த இடத்தின் சந்து. நான் சப்பாத்தி மாவில்தான் அளந்தேன். மேல் மூலையில் 9 மில்லிமீட்டர், கீல் பக்கம் 4. ஒரே சைஸ் பீடிங் சுற்றிலும் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. மாட்டிய பிறகு ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் இருந்தால் சரி.

கண்ணாடி ஏறி இறங்கும் சேனலில் இருக்கும் ஃபெல்ட்டையும் இதோடு மாற்றிவிடுங்கள். கண்ணாடி கனமான பொருள், அது நன்றாகவே சத்தத்தைத் தடுக்கும். அதைச் சுற்றியுள்ள சந்தும், அது சேனலில் ஆடுவதும்தான் பிரச்சினை. வாய்ப்பகுதியில் கண்ணாடியைத் துடைக்கும் பட்டை போய்விட்டிருந்தால் அதையும் போடுங்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதும் குறையும்.

மறைந்த செலவு: பீடிங் கனமாகிவிட்டால் கதவை ஓங்கி அடித்துத்தான் மூட வேண்டியிருக்கும், பூட்டு சீக்கிரம் தேயும். நன்றாக அடைத்த சின்ன கேபினில் கதவு மூடும்போது காதில் அழுத்தம் தெரியும், பயப்பட வேண்டாம். ஆனால் எஞ்சின் பக்கத்திலிருந்து புகை கசியும் வண்டியாக இருந்தால் அதைச் சரி செய்யாமல் கதவை அடைக்கவே கூடாது. காற்று வந்துபோன இடுக்குதான் அதுவரை உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

## பியூட்டைல் ஷீட்

ஒரு பக்கம் பிசுபிசுப்பான கறுப்பு ரப்பர், மறுபக்கம் அலுமினியத் தாள். 1937-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த இந்தச் செயற்கை ரப்பரை லாரிக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காற்று கசியாத டியூப் செய்வது இதில்தான். அதிர்வை உள்ளே வாங்கி மெல்லிய சூடாக மாற்றிவிடுவது இதன் இன்னொரு குணம்.

பலர் இதைக் 'கனம் கூட்டிச் சத்தத்தைத் தடுக்கிற பொருள்' என்று நினைக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று கிலோ சொச்சம். ஒரு மில்லிமீட்டர் இரும்பு எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் கூட்டினாலும் கனத்தால் மட்டும் கிடைக்கும் லாபம் சுமார் 3 டெசிபெல், காதுக்கு லேசாகத்தான் தெரியும். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தகடு அதிரும்போது அலுமினியத் தாள் நீள மறுக்கும், நடுவில் மாட்டிய ரப்பர் பிசையப்படும், அதிர்வு அங்கேயே செத்துவிடும். 'டங்ங்' என்றது 'டப்' என்று ஆகும். கதவு மூடும் சத்தம் மாறுவதைக் கேட்டால் வீட்டில் இருப்பவர்களே "என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் கேட்டார்கள்.

அதனால் கதவு முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால் பங்கிலிருந்து பாதி வரை ஒட்டினால் போதும். ஓரங்கள் ஏற்கெனவே மடிப்பால் விறைப்பாக இருக்கின்றன. 90-க்கு 60 சென்டிமீட்டர் வெளித்தகட்டுக்கு முழுசாக ஒட்டினால் இரண்டு கிலோவை நெருங்கும், பாதி ஒட்டினால் ஒரு கிலோதான். தாளின் கனத்தையும் பாருங்கள். நகத்தால் கிழியும் தாள் பேருக்குத்தான்.

ஒட்டும் வேலை பொறுமையைக் கேட்கும். ஐம்பது வருட கிரீஸ், தூசி, பழைய தார் எல்லாவற்றையும் தின்னர் போட்டுத் துடைத்து, துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். கையால் தடவினால் போதாது, சின்ன ரோலரால் தாளின் மேடுபள்ளம் மறையும்வரை அழுத்த வேண்டும். உள்தகட்டின் சின்ன ஓட்டை வழியாகக் கையை விட்டு ஒட்டும்போது பெரிய துண்டு மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கை நுழையும் சைஸுக்கு வெட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒட்டுங்கள். கண்ணாடியைக் கீழே முழுக்க இறக்கி, ஷீட்டில் உரசவில்லை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைந்த செலவு: கையுறை கட்டாயம், அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி வெட்டும். டிரிம் போர்டு (கதவின் உட்பக்க அட்டை) கிளிப்புகள் கழற்றும்போதே பாதி உடையும், முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பியூட்டைல் என்று சொல்லித் தார் கலந்த ஷீட்டை விற்பவர்களும் உண்டு. முகர்ந்து பாருங்கள், தார் வாடை வந்தால் வேண்டாம். பின்னால் எடுக்க வேண்டி வந்தால் ஹீட் கன் வைத்துச் சூடாக்கி உரிக்கலாம். முழுசாக வராது, மிச்சத்தை தின்னர் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

## தார் ஷீட், கூரை டேப்

இதில்தான் நான் அடிபட்டேன். மாடியில் ஒழுகும் இடத்தில் ஒட்டும் அலுமினியத் தார் டேப் பார்ப்பதற்கு பியூட்டைல் ஷீட் மாதிரியே இருக்கும், விலை பாதிக்கும் குறைவு. ஜனவரியில் ஒட்டினேன். மூன்று மாதம் பிரமாதமாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் வண்டி நாள் முழுக்க வெயிலில் நின்றது. அடுத்த நாள் வலது கதவின் கீழ் விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு, புது பெயின்ட் மேல் வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் டேப் தளர்ந்து கீழே மடிந்து, மூன்று தண்ணீர் ஓட்டைகளில் இரண்டை அடைத்திருந்தது. மழைக்கு முன்னால் பார்த்ததால் கதவு தப்பித்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. துணியைத் தின்னரில் நனைத்து அந்தக் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

காரணம் எளிது. ரோடு போடும் சாதாரணத் தாரின் இளகுநிலை 50 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கூரை டேப்பில் வேறு பொருட்களைக் கலந்து அதைக் கொஞ்சம் உயர்த்துகிறார்கள். ஆனால் கூரையில் அது படுத்திருக்கும், கதவில் தொங்கும். கார் கம்பெனிகளும் தார் ஷீட் பயன்படுத்தத்தான் செய்தன, ஆனால் அது பெயின்ட் அடுப்பின் சூட்டில் தகட்டோடு உருகி ஒட்டும் வேறு வகை. பெரும்பாலும் தரையில் படுத்த நிலையில் இருக்கும்.

இதற்கும் ஓர் இடம் உண்டு: கேபின் தரையில், தரை விரிப்புக்குக் கீழே. கதவில், நம் ஊர் வெயிலில், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## ஃபோம்

ஃபோம் என்று ஒரே பெயரில் இரண்டு எதிரெதிர் பொருட்கள் விற்கின்றன.

சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்ச், முட்டைத் தட்டு மாதிரி மேடுபள்ளமான ஃபோம் எல்லாம் திறந்த துளை உள்ளவை. தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். இரும்புக் கதவுக்குள் இதை அடைப்பது ஈரத்துணியைப் போட்டு மூடுவது போல. துரு உள்ளிருந்து வெளியே வரும், பெயின்ட் கொப்பளிக்கும்போதுதான் தெரியும், அப்போது தகடு போயிருக்கும். சந்துகளில் அடிக்கும் ஸ்ப்ரே ஃபோம் இன்னும் மோசம். கண்ணாடி மெஷினைப் பிடித்துக்கொள்ளும், திரும்ப எடுக்கவே முடியாது.

மூடிய துளை ஃபோம் வேறு கதை. ஏசி டக்ட்டில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் இந்த வகை. தண்ணீர் குடிக்காது, சூடு தாங்கும். ஆனால் இது 100 ஹெர்ட்ஸ் எஞ்சின் சத்தத்தைத் தொடக்கூட செய்யாது. பத்து மில்லிமீட்டர் ஃபோம் மூன்றரை மீட்டர் அலையை என்ன செய்யும்? இதன் அருமை வேறு இரண்டு இடத்தில். ஒன்று, வெளியிலிருந்து வரும் சூட்டைக் குறைக்கிறது. முழங்கை படும் இடத்தில் மே மாதத்தில் நன்றாகத் தெரியும். இரண்டு, உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை மூடுகிறது. கம்பெனியில் அந்த ஓட்டைகள் மேல் ஒரு மெல்லிய தண்ணீர்த் தடுப்புத் தாள் ஒட்டியிருப்பார்கள். பழைய வண்டியில் அது எப்போதோ கிழிந்து காணாமல் போயிருக்கும். அந்த இடத்தில் 6 மில்லிமீட்டர் நைட்ரைல் ஷீட்டை முழுசாக ஒட்டினால் தண்ணீரும் டிரிம் போர்டுக்கு வராது, சத்தம் நுழையும் வாசலும் அடைபடும்.

பூட்டுக் கம்பிகளில் இதையே சின்னத் துண்டாக வெட்டிச் சுற்றினால் கடகட சத்தம் ஓய்ந்துவிடும். கைப்பிடி அகலத் துண்டு, ஐந்து நிமிட வேலை.

## கனமான வினைல் திரை

ஜெனரேட்டர் அறைக்கும் ஸ்டுடியோவுக்கும் விற்கும் மாஸ் லோடட் வினைல். இரண்டரை மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. தகட்டில் ஒட்டுவதில்லை. உள்தகட்டுக்கும் டிரிம் போர்டுக்கும் நடுவில் திரை போலத் தொங்க வேண்டும், பின்னால் மெல்லிய ஃபோம். உண்மையான 'தடுப்பு' என்று சொன்னால் இதுதான்.

கொள்கையில் அருமை. லாரிக் கதவில் நடைமுறை கஷ்டம். கைப்பிடி, கண்ணாடி சுற்றும் கைப்பிடியின் தண்டு, பூட்டுக் கம்பி எல்லாவற்றுக்கும் வெட்ட வேண்டும், ஒவ்வொரு வெட்டும் ஒரு கசிவு. கதவுக்கு நான்கு கிலோ கூடும். வினைலும் ஃபோமும் சேர்ந்து ஒன்பது மில்லிமீட்டர் வெளியே தள்ளும்போது கிளிப் எட்டாது, கைப்பிடியின் தண்டும் குட்டையாகிவிடும். நீள ஸ்க்ரூ, புது கிளிப், சில சமயம் தண்டுக்கு லேத் வேலை என்று மறைந்த செலவு வளரும். தரைக்கும் ஃபயர்வாலுக்கும் இதைப் போடுங்கள், அங்கே பணத்துக்கு மதிப்பு இருக்கிறது. கதவுக்குக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

## பூசும் கோட்டிங்

ரப்பர் கோட்டிங், அண்டர்கோட்டிங் இரண்டும் பட்டறைகளில் பழக்கமானவை. கை எட்டாத மூலைக்கும் தெளிப்பு போகும் என்பது நல்ல குணம். அதிர்வு அடங்க வேண்டுமானால் தகட்டின் கனத்துக்குக் குறையாமல் பூச்சு நிற்க வேண்டும், இரண்டு மூன்று கோட் தேவைப்படும், ஒவ்வொன்றும் காய வேண்டும். அவசரத்தில் ஒரே கோட்டில் முடித்துவிடுகிறார்கள். அப்போது சத்தமும் குறையாது. கீழ் மடிப்பில் துருவை மூடி மறைத்துவிடும், ஓட்டைகளையும் அடைக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. புதுத் தகடு வைத்துக் கட்டிய கதவுக்கு இது சரி. பழைய ஒரிஜினல் கதவுக்கு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எந்தச் சத்தம் | வெயில் | தண்ணீர் | திரும்பக் கழற்ற | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| பீடிங், சேனல், கீல் | காற்று, ரோடு, கடகட | தாங்கும் | நல்லது செய்யும் | எளிது | சைஸ் தவறினால் பூட்டு தேயும் |
| பியூட்டைல் | தகட்டு அதிர்வு | தாங்கும் | ஓட்டையை விட்டு ஒட்டினால் பாதிப்பில்லை | ஹீட் கன்னால் முடியும் | சுத்தம் செய்யும் வேலை, கிளிப் |
| தார் டேப் | தகட்டு அதிர்வு | இளகி வழியும் | ஓட்டையை அடைக்கும் | அழுக்கு வேலை | பெயின்ட் கெடும் |
| மூடிய துளை ஃபோம் | கடகட, கசிவு. சூட்டுக்கும் | தாங்கும் | குடிக்காது | எளிது | அடித்தொனிக்கு உதவாது |
| திறந்த துளை ஃபோம் | கீச்சொலி கொஞ்சம் | பொடியும் | குடிக்கும் | எளிது | துரு |
| வினைல் திரை | வெளிச் சத்தம் முழுக்க | தாங்கும் | திரைக்குப் பின்னால் வடிய விட வேண்டும் | எளிது | எடை, கைப்பிடி, கிளிப் |
| கோட்டிங் | தகட்டு அதிர்வு | வகையைப் பொறுத்தது | ஓட்டையை அடைக்கலாம் | முடியாது | துருவை மறைக்கும் |

## மரக் கதவு வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் இரும்புக் கதவுக்கு. நம் பக்கத்துப் பழைய லாரிகளில் பல அப்படி இல்லை. அப்போது கம்பெனியிலிருந்து சேசிஸும் முகப்பும் மட்டும் வரும். கேபினை நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டும் பட்டறைகளில் கட்டுவார்கள். மரச் சட்டம், அதன் மேல் தகடு, உள்ளே ப்ளைவுட் அல்லது ரெக்சின். மரம் தானாகவே அதிர்வை அடக்கும், அதில் 'டங்ங்' இருக்காது. அங்கே கேட்கும் கிறீச் சத்தம் சட்டத்தின் மூட்டு தளர்ந்ததும் ஆணி தேய்வதும்தான். ஆணியை எடுத்துவிட்டு ஸ்க்ரூ போடுங்கள், மூட்டில் எல் வடிவப் பட்டை வையுங்கள், தகடு மரத்தைத் தொடும் இடத்தில் மெல்லிய ரப்பர் பட்டை கொடுங்கள். பியூட்டைல் தேவையே இல்லை. ஷீட்டை மரத்தின் மேல் ஒட்டி மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உளுக்கும். அந்தக் கதவுகளைக் கட்டிய மேஸ்திரிகள் பலர் இப்போது இல்லை. ஒன்று கெட்டால் அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

## யாருக்கு எது

கையில் காசு குறைவு, மாதம் ஒருமுறைதான் எடுக்கிறீர்கள் என்றால் கீல், பீடிங், சேனல் ஃபெல்ட் மட்டும் செய்யுங்கள். அதோடு நிறுத்தினாலும் நஷ்டமில்லை.

குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிற வண்டி என்றால் அதற்குப் பிறகு வெளித்தகட்டின் பாதியில் பியூட்டைல், உள்தகட்டை மூடி 6 மில்லிமீட்டர் நைட்ரைல். இரண்டாவது முறை எங்கள் பெட்போர்டுக்கு இதைத்தான் செய்தேன். முன்பு கத்திப் பேச வேண்டியிருந்த வேகத்தில் இப்போது சாதாரணமாகப் பேச முடிகிறது.

கதவில் ஸ்பீக்கர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பியூட்டைலைக் கொஞ்சம் கூடுதலாக, ஸ்பீக்கருக்குப் பின்னால் வரும் தகட்டில் ஒட்டுங்கள். ஆனால் அதற்காக ஒரிஜினல் கதவை வெட்டாதீர்கள், பெட்டியில் வைத்து சீட்டுக்குப் பின்னால் மாட்டலாம். கதவின் கீழ் மடிப்பில் ஏற்கெனவே துரு இருந்தால் சத்த வேலை எதையும் ஆரம்பிக்க வேண்டாம். டிங்கரிங், பிரைமர், உள் மடிப்புக்கு வாக்ஸ் ஸ்ப்ரே, அதெல்லாம் முடிந்த பிறகு அடுத்த சீசனில் வாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் டிரிம் போர்டைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்பக்க இடுக்கில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே குனிந்து பாருங்கள். எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனையிலும் தண்ணீர் சொட்ட வேண்டும். ஒன்றில் வராவிட்டால் ஒரு கம்பியை விட்டுக் குத்தி, மறுபடி ஊற்றுங்கள். எல்லாவற்றிலும் வந்த பிறகு கிளிப்பை அழுத்துங்கள்.